கோப்பி ஏலத்தின் கணக்கைக் கேட்டவர்

சுவிற்சர்லாந்திலோ பிரான்சிலோ பிள்ளைகளும் சகோதரங்களும் உள்ள வாசகர்கள் நம்மிடையே பலர். அவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் கோப்பிப் பக்கற்றுகளில் மக்ஸ் ஹவலார் என்ற பெயரை எப்போதாவது கண்டிருக்கக்கூடும். விளைவித்தவனுக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கிய சரக்கு இது என்பதற்கு அந்தப் பெயர் அடையாளம். அது ஒரு வியாபாரியின் பெயரன்று. புனிதர் ஒருவரின் பெயருமன்று. அப்படி ஒருவர் வாழ்ந்ததேயில்லை. 1860ஆம் ஆண்டில் வெளிவந்த ஒல்லாந்த நாவல் ஒன்றின் கதாநாயகனுக்கு இடப்பட்ட பெயர் அது. ஆனால் அந்த நாவலை எழுதியவர் வாழ்ந்தார், பட்டார், பிறரையும் படுத்தினார். அவருடைய சீவியமே இங்கு நாம் சொல்ல எடுத்துக்கொண்ட விடயம்.

எடுவார்ட் டௌவஸ் டெக்கர் 1820ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் திகதி அம்ஸ்ரடாம் நகரிலே பிறந்தார். தந்தை கப்பற்றலைவர். குடும்பம் மெனோனைற் என்னும் புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தது. மகனைப் போதகராக்கிவிட வேண்டுமென்று இலத்தீன் பள்ளியிலே சேர்த்தார்கள், படிப்பு முற்றுப்பெறவில்லை. சிறிதுகாலம் புடைவை வியாபாரி ஒருவரின் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். (கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்றதுதான்.) 1838இல் தந்தை மகனைத் தமது கப்பலில் ஏற்றிக்கொண்டு யாவாவுக்குப் புறப்பட்டார். 1839 தை மாதத்தில் பத்தாவியாவில் இறங்கியபோது டெக்கருக்கு வயது 18.

ஒல்லாந்தர் நமக்குப் புதியவர்களல்லர். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டு, தோம்பு எழுதி, கோட்டை கட்டி, நம் முன்னோரின் கோவில்களைப் பூட்டி வைத்தவர்கள் அவர்களே. இலங்கையை ஆங்கிலேயரிடம் இழந்தபின் அவர்களுக்குக் கிழக்கிலே மிஞ்சிய பெருஞ்செல்வம் யாவா. 1830ஆம் ஆண்டளவில் அந்தச் செல்வத்துக்கும் ஆபத்து வந்தது. யாவாவில் ஐந்தாண்டு நடந்த யுத்தம் கசானாவைக் காலியாக்கியது. ஐரோப்பாவிலே பெல்ஜிய நாடு பிரிந்து சென்றது. ஒல்லாந்த அரசு கடனில் மூழ்கிக் கிடந்தது. அந்த வேளையில் வான் டென் பொஸ் என்னும் மகாதேசாதிபதி ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்குப் பெயர் பயிர்ச்செய்கை முறை. இதைச் சற்று விளக்கமாகச் சொல்லாமல் டெக்கரின் கதையைச் சொல்ல முடியாது. ஆகவே வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கமக்காரர் ஒவ்வொருவரும் தமது நிலத்தின் ஐந்திலொரு பங்கை அரசாங்கம் சொல்லும் பயிருக்கு ஒதுக்க வேண்டும். கோப்பி, கரும்பு, அவுரி என்பன அந்தப் பயிர்கள். நிலமில்லாதவர் வருடத்தில் 66 நாள் உழைப்பைக் கொடுக்கலாம். விளைந்ததை அரசாங்கப் பண்டசாலையிலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். விலையையும் அரசாங்கமே வைக்கும். கடதாசியில் இருந்தது இவ்வளவுதான். வயலில் நடந்தது வேறு. ஐந்திலொன்று மூன்றிலொன்றாயிற்று, சில இடங்களில் அதற்கும் மேலாயிற்று. 66 நாளைக் கணக்கு வைத்தவர் எவருமில்லை. நெல் விதைக்க வேண்டிய பருவத்தில் அவுரிக்கும் கரும்புக்கும் ஆள் பிடித்தார்கள். 1840களில் நெல் விளையும் யாவாவிலேயே பஞ்சம் வந்தது. சிரிபோனிலும், பின்னர் டெமாக், குறோபோகான் பகுதிகளிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள், அல்லது ஊரைவிட்டு ஓடினார்கள்.

இதிலே மிகவும் தந்திரமான பகுதி ஒன்றுண்டு. கையளிக்கப்படும் விளைச்சலின் அளவுக்கேற்ப ஒரு சதவீதம் ஒல்லாந்த உத்தியோகத்தருக்கும் சுதேசத் தலைவருக்கும் கொடுக்கப்பட்டது. விளைச்சல் கூடினால் அவர்களுடைய வருமானமும் கூடும். முறைப்பாட்டை விசாரிக்க வேண்டியவரே பிழியப்பட்ட சாற்றில் பங்கு பெறுபவரானால், முறைப்பாடு எந்த வாசலைத் தட்டும்?

விளைபொருளை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்று ஏலத்தில் விற்றது, 1824இல் அரசன் முதலாம் வில்லியம் தொடக்கி வைத்த ஒல்லாந்த வியாபாரக் கழகம். 1831 தொடக்கம் 1877 வரை யாவாவிலிருந்து ஒல்லாந்தின் கசானாவுக்குப் போன மிகுதிப் பணம் 80 கோடி கில்டருக்கும் மேல். ஒரு கட்டத்தில் அந்த நாட்டு அரசின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அதுவே. கடன் தீர்ந்தது, வரி குறைந்தது, புகையிரதப் பாதைகள் போடப்பட்டன. 1863இல் சூரினாமிலும் அயல்தீவுகளிலும் அடிமைகளை விடுவித்தபோது, விடுவிக்கப்பட்டவருக்கல்ல, அடிமைகளின் சொந்தக்காரருக்கே நட்டஈடு கொடுத்தார்கள். அதற்கும் யாவாவின் பணம் உதவியது. ஒரு கண்டத்து அடிமையின் விலையை இன்னொரு கண்டத்து ஏழை கட்டினான்.

இந்த இயந்திரத்துக்குள்ளே ஒரு சிறு ஆணியாகத்தான் டெக்கர் உத்தியோகம் தொடங்கினார். முதலில் பத்தாவியாவில் கணக்குப் பரிசோதனைக் கந்தோர். நமது வாசகர்களுக்கு இங்கே ஒரு செய்தி: 1841இல் இவர் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கரானார். கறோலின் என்னும் கத்தோலிக்கப் பெண்ணை மணமுடிக்க விரும்பியதே காரணம். பெண்ணின் தந்தை சம்மதிக்கவில்லை, கலியாணம் நடக்கவில்லை, விசுவாசமும் நிலைக்கவில்லை. ஒரு பெண்ணுக்காகத் திருச்சபைக்குள் வருபவர் அவள் இல்லாதபோது தங்கமாட்டார் என்பது குருமார் அனைவரும் அறிந்த சங்கதி. பிற்காலத்தில் இவர் எல்லாச் சமயங்களையும் மறுத்து எழுதினார். அதை மறைத்து இவரை நம்மவராக்கிக் காட்ட நாம் விரும்பவில்லை.

1842இல் சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள நட்டால் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருடைய பொறுப்பிலிருந்த காசுக் கணக்கில் பெருந்தொகை குறைந்தது. களவல்ல, கவலையீனம் என்பதே பொதுவான முடிவு. ஆயினும் மேலதிகாரியான இராணுவத் தளபதி இவரைப் பதவியிலிருந்து இடைநிறுத்தினார். பாடாங் நகரில் பல மாதம் சம்பளமின்றிப் பசியும் பட்டினியுமாகக் கிடந்தார். காசைக் கையாளத் தெரியாமை இவருடைய சீவியம் முழுவதும் தொடர்ந்த குறை. 1846இல் எவர்டீனே என்ற பெண்ணை மணந்தார். தீனே என்று அழைப்பார். அதன்பின் மெனாடோவிலும் அம்போனிலும் நல்ல பெயர் எடுத்தார். சுகவீன லீவில் ஒல்லாந்து சென்று, கடன்பட்டுத் திரும்பினார்.

1856 தை மாதம், தமது 35ஆவது வயதில், மேற்கு யாவாவில் பந்தம் மாகாணத்தைச் சேர்ந்த லெபாக் பகுதிக்கு உதவி றெசிடென்ற் ஆக நியமிக்கப்பட்டார். நமது ஊர் வழக்கில் உதவி அரசாங்க அதிபர் என்று கொள்ளலாம். றங்காஸ்பித்துங் என்னும் சிற்றூரில் அவருடைய கச்சேரி. இந்த நியமனத்தை மகாதேசாதிபதி டவ்மர் வான் ற்விஸ்ற் தாமே செய்தார். அவர் தாராளவாதக் கட்சியைச் சேர்ந்தவர். நீதிமான் என்று பெயர் பெற்றவர். ஏழைகளுக்கு இரங்கும் ஒருவரை ஏழைப் பகுதிக்கு அனுப்புகிறோம் என்று நினைத்தே அனுப்பினார் போலும்.

லெபாக் கோப்பிக்குப் பேர்போன இடமன்று. அங்குள்ள சனங்களைப் பிழிந்தவர் நேரடியாக ஒல்லாந்தருமல்லர். றீஜன்ற் எனப்பட்ட சுதேசச் சிற்றரசர், வயது முதிர்ந்த கார்த்தா நாத்தா நாகரா, தமது பெருங்குடும்பத்தையும் பரிவாரத்தையும் காப்பாற்றப் போதிய வருமானமில்லாதவர். ஆகவே தமது சனங்களைக் கூலியின்றி வேலைக்கு அழைப்பித்தார். அவருடைய மருமகனான மணியகாரரும் ஏனைய சிறு தலைவர்களும் ஊர்களுக்குள் சென்று எருமைகளைப் பறித்து வந்தார்கள். யாவாவின் கமக்காரனுக்கு எருமை என்றால் என்ன என்று வன்னி வாசகருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. எருமை போனால் உழவு போயிற்று. உழவு போனால் நெல் போயிற்று. நெல் போனால் வரி கட்ட வழியில்லை. வரி கட்டாதவன் ஓட வேண்டும். ஒல்லாந்தர் இதைக் கண்டும் காணாதிருந்தார்கள். கோப்பியையும் கரும்பையும் சனங்களிடமிருந்து வாங்கிக் கொடுப்பவர்கள் இப்படியான சிற்றரசர்களே. அவர்களுடைய மனம் நோகலாகாது. ஊழியர் சத்தியப்பிரமாணம் செய்தபோது சுதேச மக்களைக் காப்பதாகச் செய்தார்கள். நடைமுறையில் காக்கப்பட்டது ஏலம்.

டெக்கர் வந்து ஒரு மாதத்துக்குள் பழைய கடிதக்கட்டுகளைப் படித்தார். அவருக்கு முன் அப்பதவியிலிருந்த காரோலுஸ் இதே அநியாயங்களைக் குறித்து வைத்திருந்தார். முந்திய வருடம் காலமாகியிருந்தார். அவருக்கு நஞ்சூட்டப்பட்டது என்று அவருடைய விதவை சந்தேகப்பட்டார். ஈரல் நோயினாலேயே இறந்தார் என்பதுதான் வைத்தியரின் முடிவு, அதுவே சரியென்று தோன்றுகிறது. டெக்கரோ நஞ்சையே நம்பினார். இரவிலே சனங்கள் ஒளித்து வந்து முறையிட்டார்கள். பகலில் கேட்டால் ஒன்றுமில்லை என்று மறுத்தார்கள்.

மாசி 24ஆந் திகதி தமது மேலதிகாரியான றெசிடென்றுக்கு எழுத்துமூலம் முறையிட்டார். றீஜன்றைச் செராங் நகருக்கு அழைப்பிக்க வேண்டும், சாட்சிகளை அவர் மிரட்டாதபடி அவருடைய ஆட்களைத் தடுத்து வைக்க வேண்டும், அதன்பின் விசாரணை செய்ய வேண்டும் என்று கேட்டார். றெசிடென்ற் பதறிப்போனார், கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். டெக்கர் மறுத்தார். விடயம் மகாதேசாதிபதியிடம் போயிற்று. அவர் டெக்கரைக் கடிந்து, வேறிடத்துக்கு மாற்றினார். டெக்கர் பதவியைத் துறந்தார். லெபாக்கிற்கு வந்து மூன்று மாதம் நிறையவில்லை. பத்தாவியாவுக்குச் சென்று மகாதேசாதிபதியை நேரிற் காணக் கேட்டார். அவர் தவணை முடிந்து ஊருக்குப் புறப்படும் ஆயத்தத்தில் இருந்தார். சுகமுமில்லை, நேரமுமில்லை என்று சொல்லப்பட்டது.

டெக்கர் அவசரக்காரர் என்று சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். புதிதாக வந்தவர், ஊர் வழக்கம் அறியாதவர், சான்றுகளை முறையாகத் திரட்டுமுன் குற்றஞ்சாட்டினார், பல தலைமுறைப் பழக்கமான ஊழியத்தை ஐரோப்பியச் சட்டத்தால் அளந்தார் என்பது அவர்களுடைய வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இவர் போனபின் அரசாங்கமே நடத்திய விசாரணையில் குற்றச்சாட்டுகளிற் பல மெய்யென்று தெரியவந்தது. சிறு தலைவர்கள் சிலர் பதவி நீக்கப்பட்டனர். றீஜன்ற் கண்டிக்கப்பட்டார், ஆனால் பதவியிலே தொடர்ந்தார். முறையிட்டவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

1857இல் டெக்கர் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மனைவியையும் சிறுபிள்ளையையும் யாவாவிலே விட்டுவிட்டு வந்தார். இரண்டாவது பிள்ளை அவர் சென்றபின் பிறந்தது. சூதாட்ட மேசைகளில் அதிர்ஷ்டத்தைத் தேடி, இருந்ததையும் தோற்றார். 1859ஆம் ஆண்டு பிற்பகுதியில் பிரஸ்ஸல்ஸ் நகரின் மலிவான சத்திரமொன்றில், வாடகை கட்ட வழியில்லாத நிலையில், ஏறக்குறைய ஒரு மாதத்தில் அந்த நாவலை எழுதி முடித்தார். மக்ஸ் ஹவலார் அல்லது ஒல்லாந்த வியாபாரக் கழகத்தின் கோப்பி ஏலங்கள் என்பது அதன் தலைப்பு. ஏலம் என்ற சொல்லைக் கண்டு வியாபாரிகளும் வாங்கட்டும் என்பது அவர் எண்ணம். முல்தாத்தூலி என்ற புனைபெயரை இட்டுக்கொண்டார். இலத்தீன் படித்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்: மிகுதியாகத் துன்பப்பட்டவன் நான்.

கதையின் தொடக்கத்தில் வருபவர் ஹவலார் அல்லர். திறோக்ஸ்ரொப்பல் என்னும் அம்ஸ்ரடாம் கோப்பித் தரகர். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். பொய்யையும் கவிதையையும் ஒன்றாக வெறுப்பவர். யாவா மக்கள் வேலைசெய்வதும் அதனால் தாம் செழிப்பதும் தெய்வ ஏற்பாடு என்று உள்ளபடியே நம்புகிறவர். அவர் எவரையும் அடித்ததில்லை. எந்த எருமையையும் பறித்ததில்லை. ஏலத்திற்கு வந்த சரக்கை நேர்மையான விலை கூறி வாங்கி விற்கிறார், அவ்வளவே. முழு நாவலிலும் நமக்கு மிகவும் அச்சமூட்டுவது இந்தத் தரகரே. இவருடைய போதகரின் பிரசங்கமும் நூலில் வருகிறது. பிரசங்கம் செய்யும் தொழிலுடைய எவரும் அதை வாசித்தபின் அடுத்த ஞாயிறு பீடத்தில் சற்றுத் தயங்குவார்.

நாவலின் நடுவே சைஜா, அடிண்டா என்ற இருவரின் கதை வருகிறது. சைஜாவின் தந்தையிடமிருந்து எருமையைப் பறித்தார்கள். குடும்ப உடைமையை விற்று இன்னொன்று வாங்கினார், அதையும் பறித்தார்கள். மூன்றாவதையும் பறித்தார்கள். தாய் மனமுடைந்து இறந்தாள்; தந்தை வரிக்குப் பயந்து ஓடிப் பிடிபட்டு அடிபட்டு இறந்தார். சைஜா பத்தாவியாவில் உழைத்து மூன்று எருமைக்குக் காசு சேர்த்துத் திரும்பியபோது அடிண்டாவின் குடும்பமும் ஊரைவிட்டு ஓடியிருந்தது. தேடிப்போன இடத்தில், ஒல்லாந்தப் படை எரித்த ஊரொன்றில், அவளைப் பிணமாகக் கண்டான். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைச் செல்வன் எடுத்துக்கொண்ட கதையை நாத்தான் தீர்க்கதரிசி தாவீதரசனுக்குச் சொன்னதை நமது வாசகர் அறிவர். கதையென்று எண்ணிக் கோபங்கொண்ட அரசன், அது தன்னைப் பற்றியதென்று பின்னரே உணர்ந்தான். டெக்கரும் தமது நூலை முடிக்கையில் ஒல்லாந்தின் அரசன் மூன்றாம் வில்லியத்தையே நேரில் விளித்து, உமது பெயராலா இது நடக்கிறது என்ற பொருளில் கேட்கிறார்.

நூல் அச்சேறியபோது இவருடைய பலவீனமும் வெளிப்பட்டது. நூலை வெளியிடாமலே விடுவதற்கும் ஆயத்தமாயிருந்தார். யாவாவில் றெசிடென்ற் பதவி, விடுபட்ட சேவைக்காலத்துக்கான உபகாரச் சம்பள உரிமை, கடன் தீர்க்க முற்பணம், அரசரின் விருது ஆகிய நான்கும் கொடுத்தால் போதும் என்றார். அரசாங்கம் அந்த விலைக்கு இணங்கவில்லை. அது இணங்கியிருந்தால் சைஜாவின் கதை பெட்டியொன்றுக்குள் உக்கியிருக்கும். இரக்கமும் சுயநலமும் ஒரே பேனாவில் ஓடின என்றே சொல்ல வேண்டும்.

புகழ்பெற்ற எழுத்தாளரும் சட்டத்தரணியுமான வான் லென்னெப் நூலை வெளியிட முன்வந்தார். ஆனால் பதிப்புரிமையைத் தம்மிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஊர்ப்பெயர்களை நீக்கிப் புள்ளிகளிட்டு, சாதாரண மக்கள் வாங்க முடியாத விலையும் வைத்தார். டெக்கர் வழக்காடித் தோற்றார். தாம் எழுதிய நூலைத் தாமே திருத்தி வெளியிட அவருக்கு 1875 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும் 1860 மே மாதத்தில் வந்த அந்த நூல் நாட்டை உலுக்கியது. பாராளுமன்றத்தில் முன்னாள் போதகர் வான் ஹூவெல், நாடு முழுவதும் ஒரு நடுக்கம் பரவியதாகக் கூறினார். அடுத்த ஆண்டு வெளியிட்ட இன்னொரு நூலில், லெபாக்கில் பறிக்கப்பட்ட எருமைகளின் பட்டியலையே டெக்கர் அச்சிட்டார். கற்பனை என்று தட்டிக்கழிப்பவர்களுக்கு அது பதில்.

இனித்தான் நாம் சொல்ல வந்த விடயத்தின் உள்ளீடு வருகிறது. ஒல்லாந்தில் அப்போது இரு கட்சிகள். பழைமைவாதிகள் பயிர்ச்செய்கை முறை தொடர வேண்டும் என்றார்கள். தாராளவாதிகள், அரசாங்கம் வியாபாரத்தை விட்டு விலக வேண்டும், தனியார் முதல் யாவாவுக்குள் தடையின்றிப் புக வேண்டும், உழைப்பும் வியாபாரமும் சுயாதீனமாக வேண்டும் என்றார்கள். டெக்கரின் நூல் இவர்களுக்கு வாய்த்த வாளாயிற்று. மேடைகளில் அதைச் சுழற்றினார்கள். டெக்கரும் தங்களுடைய ஆள் என்று நினைத்தார்கள்.

அவர் 1862இல் சுயாதீன உழைப்பைப் பற்றியே ஒரு சிறுநூல் எழுதி இரு கட்சியாரையும் சாடினார். கட்டாய உழைப்போ சுயாதீன உழைப்போ, அந்தப் பெயர் மாற்றத்தால் கமக்காரனுக்கு அவனுடைய எருமை திரும்பி வருமா என்பதே அவர் கேள்வியின் சாரம். அரசாங்கம் வாங்கினால் தலைவனைக் கொண்டு பிழிகிறது. தனியார் வாங்கினால் அவரும் அதே தலைவனுக்கே கைக்கூலி கொடுத்து அதே சனங்களைத் தருவிப்பார். சுயாதீனம் முதலுடையவனுக்கு வரும்; உழைப்பவன் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கும்போது, வேண்டாம் என்று சொல்லும் வல்லமை அவனிடம் இராது. தாராளவாதிகள் இதனால் அவரைக் கைவிட்டார்கள். பழைமைவாதிகளோ முன்னமே பகைவர். கட்சியின்றி நின்றார்.

சரித்திரம் அவர் பக்கமே சாட்சி சொன்னது. 1860களில் கட்டாயப் பயிர்களை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். எவற்றை முதலில்? மிளகு, கராம்பு, அவுரி, தேயிலை, புகையிலை. அரசாங்கத்துக்கு இலாபம் தராதவை இவை. இலாபந்தந்த கரும்பும் கோப்பியும் கடைசிவரை நின்றன. கட்டாயக் கோப்பி இருபதாம் நூற்றாண்டு பிறந்தபின்னும் நீடித்தது. 1870இல் வந்த காணிச்சட்டம் தரிசு நிலங்களைக் கம்பனிகளுக்கு 75 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. சுமாத்திராவின் டெலிப் பகுதியில் புகையிலைத் தோட்டங்கள் பெருகின. சீனரும் யாவானியரும் தமிழரிற் சிலரும் அங்கே ஒப்பந்தக் கூலிகளாயினர். 1880இல் இயற்றிய கூலிச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை விட்டுப் போகும் தொழிலாளியைப் பொலிஸ் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும், தண்டனையும் உண்டு. இதற்குப் பெயர் சுயாதீன உழைப்பு. அத்தண்டனை முறை எப்போது தளர்ந்தது தெரியுமா? தண்டனைக்குப் பயந்து உழைப்பவர்கள் உண்டாக்கும் பொருளை இறக்குமதி செய்யக்கூடாது என்று 1930இல் அமெரிக்கா தனது தீர்வைச் சட்டத்தில் எழுதிய பிறகே, டெலியின் புகையிலைக் கம்பனிகள் அதை அவசரமாகக் கைவிட்டன. மனச்சாட்சி ஐம்பது வருடம் அசையாத இடத்தில் சந்தையின் கதவு மூடியதும் அசைந்தது. அமெரிக்கர் அதைச் செய்தது தங்கள் புகையிலைக்காரரையும் மனத்தில் வைத்துத்தான் என்பது வேறு கதை.

நம் நாட்டில் நடந்ததும் இதற்கு அதிக தூரமில்லை. 1830களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தார்கள். சுயாதீன வியாபாரத்தின் பெயராலேயே ஒழித்தார்கள். சில வருடத்தில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள்; வழியிலே விழுந்தவர் தொகை எவருக்கும் தெரியாது. 1865ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின் கீழ், அறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டுப் போனவரைச் சிறையிலிட முடிந்தது. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. அடிப்படை ஏற்பாடு மாறவில்லை.

டெக்கரின் பிற்காலச் சீவியத்தை விரித்துச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. எண்ணங்கள் என்ற தலைப்பில் ஏழு தொகுதி எழுதினார், ஊரூராகப் பேசினார், புகழ் வந்தது, பணம் வரவில்லை, வந்ததும் நிற்கவில்லை. யாவாவின் ஏழைக் குடும்பங்களுக்காக அழுதவர் தமது சொந்தக் குடும்பத்தைப் பட்டினி போட்டார். தீனே பொறுமையின் உருவம். இறுதியில் பிள்ளைகளுடன் இத்தாலிக்குச் சென்று 1874இல் வெனிஸ் நகரில் இறந்தார். அடுத்த வருடமே டெக்கர், ஏலவே தம்முடன் வாழ்ந்துவந்த மிமி என்ற பெண்ணை மணந்தார். அயலான்மேல் உள்ள அன்பு வீட்டு வாசலில் தொடங்க வேண்டுமென்ற பாடத்தை இவரிடம் நாம் கற்க முடியாது. ஜேர்மனியில் றைன் நதிக்கரையோரம் ஒரு வீட்டில் மூச்சடைப்பு நோயுடன் கடைசிக் காலத்தைக் கழித்து, 1887 மாசி 19ஆந் திகதி காலமானார். அவருடைய உடல் எரிக்கப்பட்டது. அவர் கைவிட்ட திருச்சபை அக்காலத்தில் அதை அனுமதிப்பதில்லை.

இறந்தபின் இவருடைய செல்வாக்கு வளர்ந்தது. 1901இல் ஒல்லாந்த அரசு, யாவாவுக்குத் தான் கடன்பட்டிருப்பதாக ஏற்றுக்கொண்டு ஒரு புதிய கொள்கையை அறிவித்தது. அந்தத் தலைமுறை அதிகாரிகள் பள்ளிக்கூடத்திலேயே மக்ஸ் ஹவலாரைப் படித்தவர்கள். இவருடைய சகோதரனின் பேரன் ஏர்னெஸ்ற் டௌவஸ் டெக்கர் 1912இல் இந்தோனேசியச் சுதந்திரத்தை நாடும் கட்சியொன்றைத் தொடக்கி நாடு கடத்தப்பட்டார்.

ஒரு நூற்றாண்டு கழிந்து, இந்தக் கதை நம்மவர் ஒருவரின் கைக்கு வந்தது. பிரான்ஸ் வான் டெர் ஹொவ் என்னும் ஒல்லாந்தக் குருவானவர் மெக்சிக்கோவின் ஒவஹாக்கா மலைகளில் பழங்குடிக் கோப்பிக் கமக்காரருடன் தாமும் ஒரு கமக்காரராக வாழ்ந்தார். அங்கே கோப்பியைக் கட்டாயப்படுத்திப் பயிரிடுவிக்க எந்த அரசனும் இருக்கவில்லை. எல்லாம் சுயாதீனமே. ஆனால் சந்தைக்குப் போகப் பாதையில்லை, நிறுக்கத் தராசில்லை, அறுவடை வரை சாப்பிடக் காசில்லை. இவை மூன்றும் இருந்தது தரகரிடம் மட்டுமே. விலையையும் அவரே சொன்னார். கமக்காரர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தமக்கு வேண்டியது தருமமன்று, விலை என்று குருவானவருக்கு விளக்கினார்கள். 1967இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலில், இரு தரப்பாரின் பலம் மிகவும் வேறுபடுமிடத்து, பேரத்தில் இருவரும் சம்மதித்தார்கள் என்பது மட்டும் விலையை நீதியாக்கிவிடாது என்று கற்பித்ததை இந்த மலைவாசிகள் வாசித்திருக்கமாட்டார்கள். வாசிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

குருவானவரும், ஒல்லாந்தில் கிறிஸ்தவ சபைகளின் உதவி நிறுவனமான சொலிடாரிடாட்டைச் சேர்ந்த நிக்கோ றோசெனும் சேர்ந்து, 1988 கார்த்திகையில் மக்ஸ் ஹவலார் முத்திரையுடன் முதற் கோப்பியை ஒல்லாந்துக் கடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். சந்தை விலை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே வாங்கமாட்டோம் என்ற ஓர் அடிமட்ட விலையே அந்த முத்திரையின் உயிர். அதன் தேவை ஒரு வருடத்துக்குள் வெளிப்பட்டது. 1989 ஆடியில், ஏற்றுமதிப் பங்கீட்டின் மூலம் கோப்பி விலையைத் தாங்கிப் பிடித்திருந்த சர்வதேச உடன்படிக்கை முறிந்தது. உலகச் சந்தையில் விலை பாதியளவுக்கு வீழ்ந்தது. குடிப்பவர் கோப்பைக்குக் கொடுத்த விலை அவ்வாறு வீழவில்லை. இந்த முத்திரையிலும் குறை காண்போர் உண்டு. அதைப் பெறச் சங்கங்களே கட்டணம் கட்ட வேண்டியிருப்பதும், பெருங்கம்பனிகள் தமது சரக்கில் ஒரு சிறு பங்குக்கு அதை ஒட்டிக்கொண்டு நற்பெயர் தேடுவதும் அக்குறைகளுட் சில. திறோக்ஸ்ரொப்பல் இன்றிருந்தால் அந்த முத்திரையுள்ள பக்கற்று ஒன்றைத் தமது கந்தோர் மேசையில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருப்பார் என்றே நினைக்கிறோம்.

2018 மாசி மாதத்தில் றங்காஸ்பித்துங் நகரில் முல்தாத்தூலியின் பெயரால் ஓர் அரும்பொருளகம் திறக்கப்பட்டது. டெக்கர் வசித்த வீட்டில் எஞ்சியது சொற்பமே. ஆகவே ஊரின் நடு மைதானத்தருகே, மாவட்டத் தலைவரின் பழைய கச்சேரியாக இருந்த கட்டடத்தைத் திருத்தி அதை அமைத்திருக்கிறார்கள். அவர் யாரை எதிர்த்து முறையிட்டாரோ, அந்த வரிசையைச் சேர்ந்தவர்களின் கதிரை இருந்த மண்டபம் அது.